மகஜரில் சேராதது

பிசானம் அறுத்து இருபது நாள்.
மிஷின் ஓடிய தடத்தில் சேறு வெடித்து
ஓடு ஓடாய்க் கிடக்கிறது வயல்.
சேரன்மாதேவிக்குக் கிழக்கே, கால்வாய்க் கரைக்குக் கீழே,
மடைக் கசிவில் சக்கரம் புதைந்து
ஒரு குட்டி யானை.
ஓட்டி வந்தவன் சாவியைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறான்.
பின்னால், தார்ப்பாய்க்குள்,
வாயைக் கட்டிப்போட்ட ஏழு கன்னி ஆடு.

ஏட்டையா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்:
நிறம், காது, கொம்பு, சுமார் மதிப்பு.
அப்புறம் நான்கு எல்லை.
வடக்கே கால்வாய்.
தெற்கே தரிசு.
மேற்கே பிளாட் போட்டவர்கள் நட்ட மஞ்சள் கல்.
கிழக்கே என்று எழுதிப் பேனா நின்றது.
கிழக்கே, கண்ணுக்கெட்டிய வரப்பு வரை,
கணுக்கால் உயரத்துக்கு ஊதா.

கொட்டைக்கரந்தை.
யாரும் விதைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.
நெல்லுக்குத் தண்ணீர் நின்ற நாளெல்லாம்
அடியில் கிடந்துவிட்டு
நெல் போன பிறகு எழுந்திருக்கிறது.
தண்டு நெடுகச் சிறகு.
பிசுபிசுத்த இலையில் விரல் பட்டால்
கற்பூரமும் வேர்வையும் சேர்ந்த வாடை.
"கிழக்கே களைன்னு போடும்மா" என்றார் ஏட்டையா.
போட்டேன்.

கயிற்றை அவிழ்த்ததும் ஆடுகள் முதலில் கத்தின,
பிறகு மேய்ந்தன.
அறுகைக் கடித்தன, கோரையைக் கடித்தன,
என் லத்தியின் வாரைக் கடித்தன.
கரந்தையை மட்டும் முகர்ந்து
தும்மிவிட்டுத் தாண்டிப் போயின.

காவலர் தேர்வுக்குப் படித்ததில் ஒரு மதிப்பெண்:
நிரையை ஓட்டிப் போகிறவன் வெட்சி சூடுவான்,
மீட்கப் போகிறவன் கரந்தை.
அந்தக் கரந்தை இதுதான் என்றது ஒரு கைடு,
இல்லை, திருநீற்றுப்பச்சை என்றது இன்னொன்று.
எதுவானாலும் வட்டம் ஒன்றுதான். கறுத்தேன்.
வேலை கிடைத்தது.
சூடலாமென்றால்
தலையில் தொப்பி இருக்கிறது.

வாதி வரும்வரை
ஓர் உருண்டையைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன்.
அது ஒரு பூ இல்லை.
ஊசிமுனை ஊசிமுனையாய் உள்ளே நெருங்கி
நூறோ, இருநூறோ.
முப்பது வரை எண்ணி விட்டுவிட்டேன்.

மாசானக்கனி மருமகனின் மொபட்டில் வந்து இறங்கினாள்.
வணக்கம் சொல்லவில்லை, அழவில்லை.
ஒவ்வோர் ஆட்டின் காதையும் தொட்டு எண்ணினாள்.
ஏழில் கை நின்றது.
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.
வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.
"எட்டுல்லா எழுதிக் குடுத்தேன்?"
"கெடச்சது ஏழுதாம்மா."
"அது சினை" என்றாள்.
"எட்டுன்னு நான் சொன்னதே தப்பு.
ஒம்பதோ பத்தோ."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஆடுகள் 7, எழுத்தால் ஏழு.
அவள் ரேகை வைத்தாள்.
மையைத் துடைக்கக் குனிந்து
கையில் அகப்பட்ட செடியில் துடைத்துக்கொண்டாள்.

ராத்திரி பூட்ஸைக் கழற்றினால்
காலுறையில் ஒட்டிக்கொண்டு இரண்டு உருண்டை,
நசுங்கி, ஊதா போய்ப் பழுப்பாக.
மீட்டவள்தான் நான், எட்டில் ஏழு பங்கு.
சோப்புப் போட்டும் வாடை போகவில்லை.
மறுநாள் அதே காலுறையோடு பந்தோபஸ்து.

ஆனியில் காருக்குத் தண்ணீர் திறந்தார்கள்.
அந்த வழியாகப் போனபோது
வயல் முழுக்கத் தொளி, டிராக்டர், கொக்கு.
ஒரு வெயிலோடு சரி இந்தச் செடிக்கு.
முளைத்தது பூத்தது காய்ந்தது,
விதை எங்கேயாவது கிடக்கும்.
வழக்கு நிலுவையில்.

கிழமை தவறாமல் ஸ்டேஷனுக்கு வருகிறாள் மாசானக்கனி.
ஆடு கிடைத்ததா என்று கேட்பதில்லை.
ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு
எழும்போது என்னிடம் மட்டும் சொல்கிறாள்:
"இந்நேரம் குட்டி போட்டிருக்கும்."